களிமண்ணின் புதிய சுபாவம்

மனிதன் தன் கைத்தொழில்களுக்குத் துணையாகக் கொண்ட பதார்த்தங்களுள், களிமண்ணைப் போல் நெடுங்காலமாகவும் பலவிதமாகவும் பயன்பட்டது பிறிதொன்று இருத்தல் அரிது. பானையாகவும் செங்கல்லாகவும், எழுத்துப் பொறித்த ஏடாகவும் அது நாகரிகத்தின் தொடக்கத்திலிருந்தே நம்முடன் வந்திருக்கிறது. அந்தச் சரித்திரத்தை எழுதியவர்கள் பலர். ஆனால் களிமண்ணுக்கு மற்றொரு சரித்திரமும் உண்டு. தன்னைச் சேர்ந்த அழுக்கையும் நிறத்தையும் நாற்றத்தையும் பற்றி நிறுத்திக்கொள்ளும் அதன் குணத்தை முதலில் கம்பளி வெளுப்போரும், பின்னர் உழவரும், எண்ணெய் வியாபாரிகளும், வண்ணப்பூச்சுச் செய்வோரும் அறிந்து பயன்கொண்ட பின், கடைசியாகவே, நச்சுப் பொருள்கள் கலந்த குடிநீரை மீட்பதற்கு அது அழைக்கப்பட்டது. இவ்வளவு பழைய அறிவு சந்தைக்கு முதலிலும் கிணற்றுக்குக் கடைசியிலும் வந்து சேர்ந்த காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய ரோமாபுரியில் துணி வெளுக்கும் தொழில் பெரிய தொழிலாக நடைபெற்றது. எரிமலைச் சாம்பலால் மூடுண்டு பிற்காலத்தில் தோண்டியெடுக்கப்பட்ட பொம்பேயி நகரில், வெளுப்போர் நின்று துணிகளைக் காலால் மிதித்த தொட்டிகளை இன்றும் காணலாம். கம்பளியில் இயற்கையாக ஊறியிருக்கும் கொழுப்பை நீக்குவதற்கு அவர்கள் பயன்படுத்திய மண்களுள், ஈஜியன் கடலிலுள்ள கிமோலோஸ் தீவின் மண் மிகவும் பெயர் பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் இந்த மண்ணைப் பற்றி விரிவாகக் குறிப்பிடுவதோடு, வெளுக்கும்போது எந்த மண்ணை முதலிலும் எதனை இறுதியிலும் இடவேண்டும் என்பதைக்கூடச் சட்டம் வகுத்திருந்தது என்றும் தெரிவிக்கிறார். மண்ணுக்கு மண் குணம் வேறுபடும் என்பதையும், தவறான மண் துணியைக் கெடுக்கும் என்பதையும், ரசாயன சாஸ்திரம் பிறப்பதற்குப் பதினாறு, பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்பே தொழிலாளரின் கைகளும் கால்களும் அறிந்திருந்தன.

அதே தொழில் இடைக்கால ஐரோப்பாவில் கம்பளி வியாபாரத்தின் உயிர்நாடியாயிற்று. இங்கிலாந்தின் செல்வம் கம்பளியில் நின்ற காலத்தில், சர்ரே மாவட்டத்திலுள்ள நட்ஃபீல்டு, ரெட்ஹில் முதலிய ஊர்களில் வெட்டியெடுக்கப்பட்ட சலவை மண் எத்துணை மதிப்புடையதாகக் கருதப்பட்டது எனின், அது அயல்நாட்டு நெசவாளர் கைக்குப் போய்விடலாகாது என்று 17-ஆம் நூற்றாண்டில் அதன் ஏற்றுமதியையே அரசாங்கம் தடைசெய்திருந்தது. தோண்டி எடுத்த ஈர மண்ணுக்குக் காவல் வைத்த அரசர்கள், அந்த மண் கொழுப்பைப் பற்றுவது எதனால் என்று கேட்கவில்லை. அக்கேள்வி வேறொரு திசையிலிருந்து எழுந்தது.

1848-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் வாழ்ந்த ஹக்ஸ்டபிள் என்ற பாதிரியார், விவசாயத்தில் பற்றுடையவராதலின், தம் பண்ணைத் தொட்டியில் தேங்கிய எருநீரைச் சாதாரணத் தோட்டமண் பரப்பின் வழியாக வடித்துப் பார்த்தார். கறுத்து நாறிய அந்நீர், மண்ணைக் கடந்து வெளிவந்தபோது நிறமும் நாற்றமும் அற்றதாக இருந்தது. யார்க்ஷயரைச் சேர்ந்த தாம்சன் என்ற நிலக்கிழாரோ அதற்கு முன்பே, 1845-இல், அமோனியம் சல்பேட் கரைசலை மண்ணின் ஊடே செலுத்தி, அமோனியா மண்ணில் தங்கிவிடச் சுண்ணாம்பின் சல்பேட் உப்பு வெளியேறுவதைக் கண்டிருந்தார். இவ்விரு செய்திகளையும் அறிந்த ஜான் தாமஸ் வே, ராயல் விவசாய சங்கத்தின் ரசாயன ஆலோசகராக இருந்து நுணுக்கமான பரிசோதனைகளை நடத்தி, 1850-லும் 1852-லும் தம் முடிவுகளை வெளியிட்டார். மண் ஒன்றை ஏற்கும்போது அதற்கு ஈடாக மற்றொன்றைக் கைவிடுகிறது என்பதும், இந்தப் பண்டமாற்றைச் செய்வது மணலன்று, களிமண் பகுதியே என்பதும் அவர் நிறுவிய உண்மைகள். இன்று அயனிப் பரிமாற்றம் என்று வழங்கும் தத்துவத்தின் தொடக்கம் அதுவே. எருவின் சத்து வீணாகாமல் காப்பதெப்படி என்ற உழவனின் கவலையிலிருந்துதான் அது பிறந்தது. குடிநீரைக் காக்கும் எண்ணம் அப்போது எவருக்கும் முதன்மையாக இருக்கவில்லை.

உழவர்க்குப் பின் வந்தவர்கள் எண்ணெய் வியாபாரிகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெய்ப் பெருக்கம் ஏற்பட்டபோது, அதன் செந்நிறத்தைப் போக்கி வெண்மையாக்க இங்கிலாந்திலிருந்து சலவை மண் கப்பலில் தருவிக்கப்பட்டது; 1893-இல் புளோரிடா மாநிலத்துக் குவின்சி என்னும் ஊரருகே அவ்வகை மண் கண்டறியப்பட்டதும் அந்நாட்டிலேயே சுரங்கங்கள் தோன்றின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பவேரியப் பகுதியில், சாதாரணக் களிமண்ணை அமிலத்தில் வேகவைத்துக் கழுவினால் அதன் நிறம் பற்றும் ஆற்றல் பன்மடங்கு பெருகும் என்று கண்டு, அதனை ஒரு தொழிலாகவே வளர்த்தனர். இயற்கை தந்த மண்ணை அப்படியே ஏற்பதை விட்டு, வேண்டிய குணத்தை அதற்குள் புகுத்தும் பழக்கம் பெருமளவில் வேரூன்றியது இங்கேதான். அதே காலத்தில், 1905-ஐ ஒட்டி, பெர்லினில் ராபர்ட் கான்ஸ் என்பவர் வே கண்ட பரிமாற்றத் தத்துவத்தைக் கொண்டு செயற்கையான அலுமினோசிலிகேட்டைச் செய்து, கடின நீரை மென்னீராக்கும் முறையை ஏற்படுத்தினார். நீரிலுள்ள சுண்ணாம்பை நீக்க அது உதவியது. ஆயினும் நீரில் கரைந்த கரிம நஞ்சுகளை அதனால் தொடவும் இயலவில்லை.

இதற்குள் களிமண்ணின் உட்புறத்தைப் பற்றிய அறிவும் வளர்ந்துகொண்டிருந்தது. பிரான்சிலுள்ள மான்ட்மோரிலான் என்ற ஊரில் கிடைத்த ஒரு மென்மையான கனிமத்துக்கு 1847-இல் மான்ட்மோரிலோனைட் என்று பெயரிடப்பட்டது. அமெரிக்காவின் வயோமிங் பகுதியில், நீர் பட்டால் பல மடங்கு பருக்கும் ஒருவகைக் களிமண் 1888-இல் விற்பனைக்கு அனுப்பப்படலாயிற்று; 1898-இல் வில்பர் நைட் என்ற புவியியலறிஞர் அதற்குப் பென்டோனைட் என்ற பெயரை இட்டார். எரிமலைச் சாம்பல் நெடுங்காலத்தில் சிதைந்து உண்டான அந்த மண்ணின் பெரும்பகுதியும் மான்ட்மோரிலோனைட்டே என்பது பின்னர் தெளிவாயிற்று. நம் நாட்டில் கச்சிலும் ராஜஸ்தானத்துப் பார்மரிலும் பென்டோனைட் வெட்டப்படுகிறது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் நிலம் கோடையில் ஆளின் கை புகும் அளவு பிளப்பதற்கும், மழையில் பருத்து அப்பிளவுகளைத் தானே மூடிக்கொள்வதற்கும் காரணமாயிருப்பதும் இந்தக் கனிம இனமே.

1930-இல் லைனஸ் பாலிங்கும், 1933-இல் ஜெர்மனியில் ஹாஃப்மனும் அவருடைய தோழர்களும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இத்தகைய கனிமங்களின் அமைப்பை விளக்கினர். கவுளியில் அடுக்கிய வெற்றிலைகளைப் போல, மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே கனமுள்ள தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மான்ட்மோரிலோனைட்டில் அடுக்குண்டிருக்கின்றன. தகட்டுக்குள் அலுமினியம் இருக்கவேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் அமர்ந்திருப்பதால் தகடு முழுதும் எதிர் மின்னேற்றம் பெறுகிறது. அதனை ஈடுசெய்யச் சோடியம், கால்சியம் முதலிய நேர் அயனிகள் தகடுகளின் இடைவெளியில் வந்து தங்குகின்றன. எல்லாத் தகடுகளையும் பிரித்து விரித்தால் ஒரு கிராம் மண்ணின் பரப்பு 700 சதுர மீட்டருக்கும் மேற்படும். 100 கிராம் மண் 80 முதல் 120 மில்லிஈக்விவலன்ட் வரை அயனிகளைப் பரிமாறிக்கொள்ள வல்லது.

இவ்வளவு பெரும் பரப்பு இருந்தும், பென்சீனோ குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களோ கலந்த நீரில் இந்த மண்ணைக் கலக்கினால் அவற்றை அது ஏறக்குறைய பற்றுவதேயில்லை. இதுவே இந்தச் சரித்திரத்தின் முடிச்சு. இடைவெளியில் தங்கிய சோடியமும் கால்சியமும் நீரை மிகவும் விரும்புவன; ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகச் சேர்த்துக்கொண்டு இடம் முழுவதையும் நிரப்பிவிடுகிறது. எண்ணெய்ச் சுபாவமுடைய நஞ்சுக்கு அங்கே நுழைவாயிலே இல்லை. உலர்ந்த நிலையில் எண்ணெயின் நிறத்தைக் கவரும் மண், நீருக்குள் இறங்கியதும் நீரின் பக்கமே சேர்ந்துவிடுகிறது. ஆகையால், நீரிலிருந்து நஞ்சைப் பிரிக்கவேண்டுமானால், நீரை விரும்பும் இந்தச் சுபாவத்தையே முதலில் மாற்றியாகவேண்டும்.

அந்த மாற்றத்தின் வழி 1934-இல் புலப்பட்டது. அந்த ஆண்டில் சி. ஆர். ஸ்மித் என்ற அமெரிக்க ரசாயனர், நிக்கோடின் முதலிய கரிமக் காரங்களின் உப்புகளைப் பென்டோனைட்டுடன் சேர்த்து, அவை சோடியத்தை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்வதைக் காட்டினார். 1939-இல் கீஸ்கிங்கும், 1941-இல் ஹென்ட்ரிக்ஸும் இந்தக் கரிம அயனிகள் தகடுகளுக்கு நடுவே எவ்வாறு படுத்திருக்கின்றன என்று ஆராய்ந்தனர். 1949-இல், பிட்ஸ்பர்க்கின் மெலன் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஜோர்டன், கொழுப்பிலிருந்து பெறப்படும் நீண்ட சங்கிலியுடைய அமீன்களைப் பென்டோனைட்டில் ஏற்றி, சங்கிலியில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கரி அணுக்கள் இருந்தால் மண்ணின் குணமே தலைகீழாகிவிடுகிறது என்று மெய்ப்பித்தார். நீரில் பருத்துக் கரிமத் திரவங்களில் மடங்கிக் கிடந்த மண், இப்போது நீரை விலக்கிக் கரிமத் திரவங்களில் பருத்தது. 1950-இல் எர்ன்ஸ்ட் ஹவுசர் இத்தகைய மண்ணைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்; பென்டோன் என்னும் வியாபாரப் பெயரில் அது சந்தைக்கு வந்தது.

இந்தப் புதிய மண்ணை அக்காலம் எதற்குப் பயன்படுத்தியது என்பதைக் கவனிக்கவேண்டும். டப்பாவிலுள்ள வண்ணப்பூச்சு அடியில் படியாமல் இருக்கவும், இயந்திரங்களுக்கு இடும் கிரீஸ் சூட்டில் உருகி ஓடாமல் இருக்கவும், எண்ணெய்க் கிணறு தோண்டும்போது இடும் சேறு கெட்டியாக நிற்கவும் அதனைச் சேர்த்தனர். 1955-இல் பாரரும் மக்லியாடும் சிறிய அமோனியம் அயனிகளைத் தகடுகளுக்கிடையே தூண்களாக நிறுத்தி, எந்நாளும் மூடிக்கொள்ளாத நுண்ணறைகளைக் களிமண்ணுக்குள் அமைக்கலாம் என்று காட்டினர். அந்த நுணுக்கமும் வாயுக்களையும் ஆவிகளையும் பற்றிய ஆராய்ச்சியாகவே நின்றது. நஞ்சுகலந்த நீரைத் தெளிவிக்கத் தேவையான அறிவின் பெரும்பகுதி இவ்வாறு ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் வண்ணப்பூச்சு டப்பாக்களிலும் கிரீஸ் பீப்பாய்களிலும் அடைபட்டுக் கிடந்தது. அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. நீர் கெட்டுவிட்டது என்ற உணர்வு இன்னும் பிறக்காமையே காரணம்.

அந்த உணர்வு பிறந்த விதம் துயரமானது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், பூச்சிமருந்துகளும், கரைப்பான்களும், மரத்தைக் காக்கும் பென்டாகுளோரோஃபீனால் போன்ற சேர்மங்களும் ஆலைகளிலிருந்து பெருவெள்ளமாக வெளிவந்தன. 1962-இல் ரேச்சல் கார்சன் தம் ‘மௌன வசந்தம்’ நூலால் உலகத்தை எச்சரித்தார். 1974-இல் ராட்டர்டாம் நகரத்து நீர்ப்பணியில் இருந்த ரூக் என்ற ரசாயனர், நீரைத் தூய்மைசெய்ய இடும் குளோரினே நீரிலுள்ள கரிமப் பொருள்களுடன் கூடிக் குளோரோஃபார்ம் முதலியவற்றை உண்டாக்குகிறது என்று வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்கா குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1978-இல் நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தில் லவ் கால்வாய் என்ற இடத்தில், பல்லாண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவின்மேல் குடியிருப்பும் பள்ளியும் எழுந்திருந்ததும், அந்நஞ்சு வீடுகளின் நிலவறைகளில் ஊறி வந்ததும் வெளிப்பட்டு, குடும்பங்கள் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1980-இல் இத்தகைய இடங்களைச் சுத்திசெய்வதற்கென்றே அந்நாடு தனிச் சட்டமும் நிதியும் ஏற்படுத்தியது. மண்ணுக்கடியில் பரவிய நஞ்சை எதைக்கொண்டு தடுப்பது என்ற கேள்விக்கு அரசாங்கமே விடை தேடவேண்டியதாயிற்று.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் களிமண்ணைப் பற்றியே தம் வாழ்நாளை ஆராய்ச்சியில் செலவிட்ட மாக்ஸ் மார்ட்லண்ட், மக்பிரைட், பின்னவையா ஆகியோருடன் சேர்ந்து, கரிம அயனிகள் ஏற்றிய களிமண் நீரில் கரைந்த பென்சீன் இனச் சேர்மங்களைப் பற்றுகிறது என்று 1977-இல் வெளியிட்டிருந்தார். 1986-இல் மார்ட்லண்டும் ஸ்டீபன் பாய்டும் அவர்களுடைய தோழரும் ஃபீனால், குளோரோஃபீனால்களை நீக்கும் முறையை எழுதினர். 1988-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், 16 கரி அணுக்கள் கொண்ட சங்கிலியுடைய அமோனியம் அயனி ஏற்றிய மண், நச்சு மூலக்கூறுகளைத் தன் உட்புறத்தில் கரைத்துக்கொள்வதுபோல் ஏற்கிறது என்று விளக்கப்பட்டது. நீரினின்று கரிமச் சேர்மங்கள் நிலமண்ணின் கரிமப் பகுதிக்குப் பெயர்வதைக் கேரி சியோ 1979-இல் எந்தத் தத்துவத்தால் விளக்கினாரோ, அதே தத்துவம் இங்கும் பொருந்திற்று: தகடுகளின் நடுவே நெருங்கிய சங்கிலிகள் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமாக இயங்க, நீரில் இருக்க விரும்பாத நஞ்சு அதற்குள் பெயர்ந்துவிடுகிறது.

சிறிய அயனிகளை ஏற்றிய மண்ணின் செயலோ முற்றிலும் வேறு. அங்கே எண்ணெய்ப் படலம் இல்லை. தூண்களைப் போல் நிற்கும் அயனிகளுக்கு நடுவே தகட்டின் வெறும் பரப்பு திறந்து கிடக்கிறது. அந்த அறைகளின் அளவுக்குப் பொருந்தும் பென்சீனை அது உறுதியாகப் பற்றும். அதனினும் சற்றுப் பெரிய தொலுவீனையும் சைலீனையும் அவ்வளவாகப் பற்றாது. எந்த நஞ்சுக்கு எந்த மண் என்று தேர்ந்து செய்யலாம் என்ற நிலை இதனால் உண்டாயிற்று. பிளினியின் காலத்து வெளுப்போர் மண்ணுக்கு மண் வேறுபாடறிந்து தேர்ந்தனர். இவர்கள் ஒரே மண்ணைப் பலவாகச் சமைக்கலாயினர். மேலும் 1988-ஆம் ஆண்டில் பாய்டு, லீ, மார்ட்லண்ட் ஆகியோர் ‘நேச்சர்’ சஞ்சிகையில், சாதாரண நிலமண்ணிலேயே இத்தகைய அயனிகளைச் செலுத்தி, நிலத்தடி நீருடன் நஞ்சு நகர்வதைத் தடைப்படுத்தலாம் என்று காட்டினர்.

ஆராய்ச்சிச் சாலையிலிருந்து இம்மண் களத்துக்கு இறங்கியதும் அதன் தனிச்சிறப்பு விளங்கிற்று. நீரிலுள்ள கரிமப் பொருள்களை நீக்கப் பொதுவாகப் பயன்படுவது கிளர்வுற்ற கரி. ஆனால் எண்ணெய் கலந்த நீர் வந்தால் கரியின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்துக்கொள்ள, விலையுயர்ந்த கரி விரைவில் பயனற்றுப்போகிறது. கரித் தொட்டிக்கு முன்னால் கரிமக் களிமண் நிரப்பிய தொட்டியை வைத்தால், எண்ணெயை அது முதலில் வாங்கிக்கொள்கிறது. பின்னால் நிற்கும் கரி நெடுநாள் உழைக்கிறது. ஆரகன் மாநிலத்துப் போர்ட்லண்டில், 1944 முதல் 1991 வரை மரங்களுக்குக் கிரியோசோட்டும் பென்டாகுளோரோஃபீனாலும் ஏற்றிவந்த ஓர் ஆலையின் கழிவு வில்லமெட் ஆற்றின் அடித்தரையில் ஊறிக் கசிந்தது. 2004, 2005-ஆம் ஆண்டுகளில் அந்த அடித்தரையை மணலால் மூடியபோது, கசிவுள்ள இடங்களில் கரிமக் களிமண்ணைப் பரப்பினர். மேலே எழும் எண்ணெய்க் கசிவு ஆற்றை அடையுமுன் அப்படுகையில் சிக்கிக்கொள்ளவேண்டும் என்பது அதன் நோக்கம். அண்மைக் காலத்தில், விமான தளங்களில் தீயணைக்கப் பயன்பட்ட நுரையிலிருந்து நிலத்தில் சேர்ந்த, எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்களைப் பிடிக்கவும் ஆஸ்திரேலியாவில் அமீன் ஏற்றிய களிமண் கையாளப்பட்டிருக்கிறது.

இத்தனை பெருமைகளைக் கூறிய பின், இம்முறையின் எல்லைகளையும் உள்ளவாறே கூறுவது கடமையாகும். களிமண்ணில் ஏற்றப்படும் நீண்ட சங்கிலி அமோனியம் உப்புகள் தீங்கற்றவை அல்ல. கெர்ஹார்ட் டோமாக் 1935-இல் கிருமிநாசினியாக அறிமுகம் செய்ததும் இந்த இனத்தைச் சேர்ந்த பொருளே. மீனுக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கும் இவை நஞ்சாகும். மண்ணின் பரிமாற்ற அளவுக்கு உட்பட்டு ஏற்றினால் அவை மின்னேற்றத்தால் இறுகப் பிணைந்து நிற்கின்றன. ஆசைப்பட்டு அளவுக்கு மேல் ஏற்றினாலோ, மிகுதியானவை சங்கிலியோடு சங்கிலி ஒட்டித் தளர்வாக நின்று, காலப்போக்கில் நீரிலேயே கசிந்து வரக்கூடும். நீரைக் காக்கப் போனது நீருக்கே பகையாகாமல் இருக்க, எவ்வளவு ஏற்றுவது என்ற நிதானம் இன்றியமையாதது. மற்றொன்று, களிமண் நஞ்சைப் பிடித்துவைக்கிறதேயன்றி அழிப்பதில்லை. நிரம்பிய மண்ணை எரிப்பதா, காவலுள்ள குழியில் இடுவதா, கழுவி மீண்டும் பயன்படுத்துவதா என்பது ஒவ்வோரிடத்திலும் தீர்க்கப்படவேண்டிய வழக்கு. அதனைத் தீர்க்காமல் விடுவது நஞ்சை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் குவிப்பதேயாகும்.

நம் நாட்டுக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பாடம் உண்டு. பருத்தித் துணிக்கு இடும் ரியாக்டிவ் சாயங்கள் நீரில் எதிர் மின்னேற்றத்துடன் கரைவன. எதிர் மின்னேற்றமுடைய இயற்கைக் களிமண் அவற்றை விலக்கித் தள்ளும். கரிம நேர் அயனிகள் ஏற்றிய மண்ணோ அவற்றைப் பற்றும். நொய்யலாற்றைக் கெடுத்த சாயநீரின் காரணமாக, கழிவை முற்றிலும் வெளிவிடாத ஏற்பாடு செய்யும் வரை திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடிவைக்குமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது யாவரும் அறிந்ததே. நீர் கெட்ட பின் நீதிமன்றமும் விஞ்ஞானமும் ஓடிவருவது அமெரிக்காவிலும் இங்கும் ஒன்றுபோலவே நிகழ்ந்திருக்கிறது.

கம்பளிக்கு வெண்மை தந்து, எருவின் சத்தைக் காத்து, எண்ணெயைத் தெளிவித்து, வண்ணப்பூச்சைத் தாங்கி நின்ற களிமண், தன் சுபாவத்தையே மாற்றிக்கொண்டு நம் குடிநீருக்கும் காவலாக நிற்க இசைந்திருக்கிறது. இந்தப் பணிக்கு அது முப்பது ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்கக்கூடும். வரவொட்டாமல் தடுத்தது எந்த ரசாயனப் புதிருமன்று. வியாபாரத்துக்கு வேண்டியதை உடனே கேட்கவும் பொதுமக்களின் நீருக்கு வேண்டியதைப் பேரிழப்பு நேர்ந்த பின்னரே கேட்கவும் பழகிப்போன நம் வழக்கமே. நஞ்சைக் கலக்கவொட்டாமல் ஆலையின் வாயிலிலேயே தடுப்பது முதற்கடமை. அதனையும் மீறி வந்ததைப் பிடிப்பதற்கு மண்ணின் உதவியை நாடுவது இரண்டாவது. இவ்விரண்டையும் வரிசை மாற்றாமல் கடைப்பிடிக்கும் சமுதாயமே, இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொழிலாளரும் பாதிரியாரும் உழவரும் ரசாயனரும் சேர்த்துவைத்த இந்த அறிவுக்கு உரிய மரியாதையைச் செய்ததாகும்.